கருவாட்டுப் பிரியரான அண்ணனுக்கு எடை குறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். பாம்பனில் விசைப்படகுக்குப் போகும் என் அண்ணனுக்கு வயது 44, பிரஷர் 150/100, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இடுப்பு 102 செ.மீ. நம் நாட்டு ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடும், எடையில் 5 சதவீதம் குறைந்தாலே நல்ல மாற்றம் தெரியும் என்றார் டாக்டர். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். சிக்கல் சாப்பாட்டில்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், வலை இழுக்கிற வேலை கிடையாது, ஆனால் கடலுக்குப் போகும்போது சாப்பிடுகிற அதே அளவு சோறு மூன்று வேளையும் உள்ளே போகிறது, தொட்டுக்க நெத்திலிக் கருவாடு வேண்டும். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்கணும், இந்தக் கருவாட்டைத் தட்டினாலே உப்பு வெள்ளையாய் உதிர்கிறது! மீன் நல்லதுதானே என்று மதினி கேட்கிறார், பச்சை மீன் குழம்பு என்றால் சரி, நானும் மறுக்கவில்லை.

கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு போதுமான அளவு குறையுமா? படகில் சோற்றைக் குறைத்துவிட்டு, பசி தாங்குகிற மாதிரி வேறு என்ன கொண்டுபோகலாம்? கடல் தொழில் செய்துகொண்டே எடை குறைத்தவர்கள் இருந்தால் உங்கள் சாப்பாட்டு முறையைக் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். அப்புறம், மண்டபம், ராமநாதபுரம் பக்கம் பொறுமையாகப் பேசுகிற டயட்டீஷியன் தெரிந்தாலும் சொல்லுங்கள்.