ஊரை விட்டுப் போக முடியாத பாட்டு: கோரஸ் எழும்பவே மாட்டேங்குது

கேள்வி (கேட்பவரின் புனைபெயர் ஆறாவது தந்தி; அடித்தளம், ஸ்னேர், நெடில் பதில் சொல்பவர்கள்):
சொந்த ஊரே காலைப் பிடிச்சு இழுக்குதுன்னு ஒரு ராக் பாட்டு. ஸ்கேல் ஈ மைனர், வேகம் 132 பிபிஎம் (நிமிஷத்துக்கு 132 பீட்). வெர்ஸ் (கதை சொல்ற பகுதி), கோரஸ் (திரும்பத் திரும்ப வர்ற பகுதி) ரெண்டுக்கும் கார்டு வரிசை ஈ மைனர் – சி – ஜி – டி. வெர்ஸ்ல இறுக்கம் வேணும், கோரஸ்ல திமிறணும். இப்போ சத்தம் மட்டும்தான் கூடுது. எங்கே கை வைக்கிறது?

அடித்தளம்:
வெர்ஸ்லயே ஜி-யைத் தொட்டுட்டீங்க, அப்புறம் கோரஸ் எங்கே போகும்? வெர்ஸ் முழுக்க பேஸ் கிட்டார் ஈ-யை விட்டு நகரவே கூடாது. கிட்டார்ல ஆறாவது தந்தியைத் (தாழ்ந்த ஈ) திறந்தபடி எட்டாம் நோட்டா (பீட்டுக்கு ரெண்டு தட்டு) பாம் மியூட் (உள்ளங்கையால தந்தியை லேசா அழுத்தி வாசிக்கிறது) பண்ணுங்க. மேலே ஈ மைனர், சி, டி மட்டும் மாறட்டும். கீழே ஈ நிற்க மேலே டி வரும்போது உரசும். அந்த உரசல்தான் உங்க ஊர், சரிபண்ணிடாதீங்க.

பிறகு நாலு பார் (தாளச் சுற்று) ப்ரீ-கோரஸ் (கோரஸுக்கு முன்னாடி வர்ற சின்னப் பகுதி): ஏ மைனர், சி, டி, டி. பேஸ் முதல் தடவை நகர்றது அந்த ஏ-யில்தான். கோரஸ் ஜி – டி – ஏ மைனர் – சி. ஈ மைனர் பக்கமே போக வேண்டாம்.

மெட்டுக்கும் இதே கணக்கு: வெர்ஸ் ஈ-யிலிருந்து ஏ-க்குள்ள அடங்கட்டும், கோரஸ் மேல் பி-யில் தொடங்கட்டும். பாடுறவருக்கு அது எட்டலைன்னா எல்லாத் தந்தியையும் அரை ஸ்டெப் (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்குங்க.

ஸ்னேர்:
வெர்ஸ்ல ஸ்னேர் டிரம் மூணாவது பீட்ல மட்டும், கோரஸ்ல 2, 4-வது பீட்ல. பிபிஎம் ஏத்தாமலே ஓட ஆரம்பிக்கும். கிராஷ் சிம்பலை கோரஸ் முதல் பீட் வரைக்கும் தொடாதீங்க.

ஆறாவது தந்தி:
பேஸ் விஷயம் வேலை செய்யுது, நன்றி. கோரஸ் கிட்டார் பதிவை காப்பி பண்ணி இடது, வலது ஸ்பீக்கர்னு வச்சேன், அகலமே வரலை.

அடித்தளம்:
வராது. ஒரே டேக்கை (ஒரு தடவை வாசிச்ச பதிவை) ரெண்டு பக்கமும் வச்சா நடுவுல சத்தமா கேட்கும், அவ்வளவுதான். ரெண்டாவது தடவை தனியா வாசிச்சுப் பதிவு பண்ணுங்க, கெயினைக் (ஆம்ப்போட டிஸ்டார்ஷன் அளவை) கொஞ்சம் குறைச்சு. வெர்ஸ்ல ஒரே கிட்டார், நடுவுல. 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற கிட்டார் சத்தத்தை வெட்டிடுங்க, இல்லைன்னா பேஸோட மோதிக் குழம்பும்.

நெடில்:
வரிகளைப் பத்தி யாரும் பேசலையே. கோரஸோட உச்ச நோட்ல "ஊர்"னு வைக்காதீங்க. உதடு குவிஞ்சு குரல் நெரிபடும். "தாண்டி", "வானம்" மாதிரி ஆகாரம் வர்ற சொல் அங்கே வரணும். "விட்டு", "கட்டு" எல்லாம் இழுக்க நிற்காது, வெர்ஸோட எட்டாம் நோட்டுக்குத்தான் சரி. இன்னொண்ணு, மூணு வெர்ஸும் ஊரையே திட்டினா புகார் மனு மாதிரி ஆயிடும். ரெண்டாவது வெர்ஸ்ல கையைப் பிடிச்சு நிறுத்துற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. பிரிட்ஜ்ல (கடைசி கோரஸுக்கு முன்னாடி வர்ற மாறுபட்ட பகுதி) திரும்ப ஈ பேஸ், அங்கே "நானாத்தான் போகலையோ"ன்னு ஒரு சந்தேகம்.

ஸ்னேர்:
அந்த பிரிட்ஜ்ல டிரம்ஸையே நிறுத்திடுங்க. கடைசி கோரஸ் சி-யில் தொங்கலா முடியட்டும், ஜி-க்கு வர வேண்டாம். ஆள் கிளம்பினாரா இல்லையான்னு நீங்க சொல்லத் தேவையில்லை.