சோட்டோவுக்கு 76.5 கோடி டாலர்: மெட்ஸ் அதிகமாக் கொடுத்துட்டாங்களா?

குயீன்ஸ்_குமரன்:
வயித்தெரிச்சல்லதான் எழுதறேன், முன்னாடியே சொல்லிடறேன். நம்ம நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் டீமைப் பத்தித்தான். 2025 ஜூன் 12 அன்னிக்கு நம்ம கணக்கு 45-24 (45 வெற்றி, 24 தோல்வி). லீக்ல அதைவிட நல்ல கணக்கு எந்த டீம்கிட்டயும் இல்ல. அன்னிக்குத்தான் நம்ம பிட்சர் (பந்து வீசறவர்) செங்கா தொடைத் தசையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போனாரு. அதுக்கப்புறம் 38-55. கடைசி நாள் மயாமில 4-0ன்னு தோத்து 83-79. சின்சினாட்டி டீமுக்கும் அதே 83-79தான், டை-பிரேக்கர்ல அவங்க பிளேஆஃப் சுற்றுக்குள்ள போயிட்டாங்க.

2024 டிசம்பர்ல பேட்டர் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருஷம், 76.5 கோடின்னு செய்தி வந்தப்போ வீட்டுல குதிச்சவன் நான்தான். டாட்ஜர்ஸ் டீம் ஒட்டானி தன்னோட 70 கோடில 68 கோடியைப் பின்னாடி வாங்கிக்கறேன்னு விட்டுக்கொடுத்தாரு. இவரு எதையும் தள்ளிவைக்கல, கையெழுத்துப் போட்டதுக்கே 7.5 கோடி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆளு நான். பந்தை அடிக்காம விட்டுட்டு, காலைத் தேய்ச்சு ஆட்டம் போட்டு, பிட்சரை முறைச்சுட்டு, நடந்தே முதல் பேஸுக்குப் போறதுக்கா (இதுக்குப் பேரு 'வாக்') இவ்வளவு காசுன்னு மே மாசமெல்லாம் ரயில்ல புலம்பிக்கிட்டே வந்தேன். எம்பொண்ணுக்கு 9 வயசு, முதுகுல 22-ஆம் நம்பர். "அப்பா, வாக்கும் அடிச்ச மாதிரிதான்பா"ங்கறா.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஏமாந்துட்டோமா?

ஷே_காலத்து_ஆள்:
தம்பி, பொண்ணு சொல்றதுதான் சரி. 2025-ல 43 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 127 வாக், 38 ஸ்டீல் (பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிடறது). அதுக்கு முன்னாடி ஒரு சீசன்ல அவரு அதிகமா எடுத்த ஸ்டீலே 12தான். ஜூன்ல மட்டும் 11 ஹோம் ரன் அடிச்சு அந்த மாசத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினாரு. மே மாசத்தைப் பார்த்து ஆளை எடை போட்டா எப்படி?

அதிகமாக் கொடுத்தது எதுன்னு தெரியணும்னா பேட்டர் ஆல்பர்ட் புஹோல்ஸ் கதையைப் பாருங்க. 2011 கடைசில ஏஞ்சல்ஸ் டீம் 10 வருஷத்துக்கு 24 கோடி கொடுத்தப்போ அவருக்கு வயசு 31. அவரு இருந்த காலத்துல ஒரே ஒரு தடவைதான் பிளேஆஃப் போனாங்க, அதுலயும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. 2021 மே மாசம் அவங்களே வெளிய விட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி செயின்ட் லூயிஸ் டீம்ல அவரு அடிச்சுத் தீர்த்ததுக்கு இவங்க பில் கட்டினாங்க. சோட்டோ கையெழுத்துப் போட்டது 26 வயசுல. நல்ல வருஷமெல்லாம் இனிமேதான்.

பிராங்ஸ்_வாசி:
நியூயார்க்கோட இன்னொரு டீம் யாங்கீஸ் ஆளு நான், அடிக்காதீங்க. நாங்களும் 16 வருஷத்துக்கு 76 கோடி கொடுக்கத் தயாரா இருந்தோம், அவரு வரல. அப்போ துக்கமாத்தான் இருந்துச்சு. 2024-ல எங்ககிட்ட ஆடினப்போ கிளீவ்லாண்டுல 10-ஆவது இன்னிங்ஸ்ல அவரு அடிச்ச அடிலதான் நாங்க இறுதித் தொடரான உலகத் தொடருக்கே போனோம். அப்புறம் 21.8 கோடிக்கு பிட்சர் மேக்ஸ் ஃப்ரீடை எடுத்தோம். 2025-ல அவருக்கு 19 வெற்றி. டீமுக்கு 94. வேற ஒண்ணும் சொல்லல.

கணக்குப்பிள்ளை:
சம்பளத்தை மட்டும் பார்த்தா பாதிக் கணக்குதான். வருஷத்துக்குச் சராசரி 5.1 கோடி. 2025-ல டீமோட மொத்தச் சம்பளம் 30.1 கோடியைத் தாண்டினா, மெட்ஸ் மாதிரி வருஷா வருஷம் வரம்பை மீறுற டீம் தாண்டின ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்டணும். அந்த மேல்வரம்புக்கே கோஹன் வரின்னுதான் பேரு, நம்ம முதலாளி ஸ்டீவ் கோஹனை மனசுல வெச்சுப் போட்டது. அவரு அசரல.

என்னை உறுத்தறது அந்த விலகல் விதிதான். 2029 சீசன் முடிஞ்சதும் சோட்டோ வெளிய போகலாம். போகாம நிறுத்தணும்னா மீதி 10 வருஷத்துக்கும் வருஷம் 40 லட்சம் கூட்டிக் கொடுக்கணும், மொத்தம் 80.5 கோடி ஆயிடும். நல்லா ஆடினா நமக்குச் செலவு கூடும், சரியா ஆடலைன்னா அவரு பேசாம இருந்துடுவாரு. ரெண்டு பக்கமும் சாவி அவர் கையில. 2022-ல அவரோட பழைய டீம் வாஷிங்டன் கொடுத்த 44 கோடியை வேணாம்னு சொன்ன ஆளுக்கு பேரம் பேசச் சொல்லித்தரணுமா?

குயீன்ஸ்_குமரன்:
பிராங்ஸ் அண்ணே, வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சிட்டீங்க. ஆனா நான் கேக்க வந்ததே அதுதான், சரியாக் கேக்கத் தெரியல. சோட்டோவுக்குக் கொடுத்தது அதிகமில்லன்னு ஒத்துக்கறேன். அவ்வளவு கொடுத்தவங்க, செங்கா விழுந்தா அடுத்து யாரு பந்து போடுவான்னு யோசிச்சிருக்க வேணாமா? செப்டம்பர்ல மெக்லீன், டாங், ஸ்ப்ரோட்னு அந்த வருஷம்தான் மேல வந்த பசங்களை நம்பி நின்னோம். மெக்லீன் தங்கமான பையன், அது வேற விஷயம்.

நம்ம பழைய ஆட்டக்காரர் பாபி பொனியாவுக்குத் தள்ளிவெச்ச சம்பளமா ஜூலை 1 பொறந்தா 11.9 லட்சம் டாலர், 2035 வரைக்கும் போகும். சோட்டோவுக்கு 2039. அப்போ எம்பொண்ணுக்கு 23 ஆயிடும். 7-ஆம் நம்பர் ரயில்ல அவளே டிக்கெட் போட்டு என்னைக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்கா. இந்த 22-ஆம் நம்பர் சட்டை அடுத்த வருஷமே பத்தாது.