ஊசலாடும் சிலிண்டர் எஞ்சின் குறைந்த அழுத்தத்தில் ஓட மறுப்பது ஏன்?

கேள்வி

வணக்கம். சிறிய லேத் ஒன்றில் பழகத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. வார்ப்புகள் எதையும் வாங்காமல், உலோகத் துண்டுகளிலிருந்தே கடைந்து, ஊசலாடும் சிலிண்டர் (ஓர் அச்சில் இருபுறமும் சாய்ந்தாடி, தன் துளை வழியே தானே காற்றை உள்ளே வாங்கி வெளியே விடுவது) கொண்ட நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். இப்போதைக்கு அதை அழுத்தக் காற்றில் ஓட்டிப் பார்க்கிறேன். 2 பார் அழுத்தத்தில் நன்றாகச் சுழல்கிறது. 1 பாருக்குக் கீழே இறக்கினால் நான்கைந்து சுற்றுகளில் நின்றுவிடுகிறது. இதே அளவுள்ள எஞ்சின்கள் வாயால் ஊதினாலே சுழல்வதைக் கண்டிருக்கிறேன்.

சிலிண்டர் பித்தளை, உள்விட்டம் 10 மி.மீ, பிஸ்டன் எஃகு, வீச்சு (பிஸ்டன் நகரும் தொலைவு) 16 மி.மீ. சிலிண்டர் ஊசலாடும் அச்சுக்கும் கிராங்க் (பிஸ்டனின் நகர்வைச் சுழற்சியாக்கும் பாகம்) அச்சுக்கும் இடைத்தூரம் 40 மி.மீ. சிலிண்டரின் காற்றுத் துளை ஊசல் அச்சிலிருந்து 12 மி.மீ தள்ளி உள்ளது. வரைபடத்தில் எல்லாத் துளைகளும் 2.2 மி.மீ, காற்று தாராளமாகச் செல்லட்டும் என்று நான் 3 மி.மீ ஆகப் போட்டேன். பிஸ்டன் சற்று இறுக்கமாக இருப்பதுதான் காரணம் என்று எண்ணி, அதைத் தேய்த்துத் தளர்த்தலாமா என யோசிக்கிறேன். இது சரியானதும் நான்கு வீச்சு பெட்ரோல் எஞ்சினில் இறங்கலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

பிஸ்டனைத் தயவுசெய்து தொடாதீர்கள். கடைந்தெடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. காரணம் வேறாக இருந்தால், நல்ல பிஸ்டன் ஒன்றையும் இழந்து நிற்பீர்கள். முதலில் குறை உராய்விலா, கசிவிலா என்று பிரித்தறிய வேண்டும்.

சிலிண்டரைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலை (கிராங்க் தண்டிலுள்ள கனமான சக்கரத்தை) விரலால் சுண்டிப் பாருங்கள். அது நெடுநேரம் சுழன்று, நிற்கும்போது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் கிராங்க் தண்டில் குறையில்லை. அடுத்து, சிலிண்டரை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்லை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் பூட்டிச் சுற்றுங்கள். ஏதேனும் ஓர் இடத்தில் மட்டும் பிடித்தால், ஊசல் அச்சு சிலிண்டரின் தட்டை முகத்துக்குச் செங்குத்தாக இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். முகத்தில் மார்க்கர் மையைப் பூசிச் சிலமுறை ஊசலாட்டினால், மை அழிந்த இடங்கள் எங்கே தொடுகிறது என்பதைக் காட்டிவிடும். மேடு தெரிந்தால், கண்ணாடிப் பலகை மீது ஒட்டிய நுண்ணிய எமரி தாளில் எட்டு வடிவில் தேய்த்துச் சமன்படுத்தலாம். அச்சைச் சுற்றியுள்ள நடுப்பகுதியைச் சற்றுக் குழித்துவிடுவதும் நல்லது.

சுருள்வில்லை மிகையாக முறுக்குவது பலரும் செய்யும் பிழை. 3 மி.மீ துளையின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மி.மீ, 2 பார் அழுத்தம் அதன் வழியே சிலிண்டரைத் தள்ளும் விசை 140 கிராம் எடையளவே. முகங்களுக்கிடையே காற்று சற்றுப் பரவும் என்று வைத்துக்கொண்டாலும், அதன் மும்மடங்கு விசை தாராளம்.

மறுமொழி 2

மேலே சொன்ன சோதனைகளை அவசியம் செய்யுங்கள். ஆயினும் தாங்கள் தந்த அளவுகளிலேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கிராங்க் ஆரம் வீச்சில் பாதி, 8; அச்சுகளின் இடைத்தூரம் 40. ஆகவே சிலிண்டர் உச்சமாகச் சாயும் கோணத்தின் சைன் மதிப்பு 0.2, அதாவது கோணம் சுமார் 11.5 பாகை. ஊசல் அச்சிலிருந்து 12 மி.மீ தொலைவிலுள்ள துளை, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 2.4 மி.மீ நகரும். சட்டத்தில் உள்ள உள்வழியும் (காற்று வரும் துளை) வெளிவழியும் (காற்று வெளியேறும் துளை) அந்த இடங்களில்தான் இருக்கும். பிஸ்டன் மேல் முனையிலோ கீழ் முனையிலோ இருக்கையில் சிலிண்டர் துளை சரியாக நடுவில் நிற்கும். அப்போது அது இரண்டு வழிகளையும் தொடக்கூடாது. அதற்கு, எதிரெதிர்த் துளைகளின் ஆரங்களைக் கூட்டினால் 2.4 மி.மீ-க்குள் அடங்க வேண்டும். வரைபடத்தின்படி 1.1 + 1.1 = 2.2, 0.2 மி.மீ மிச்சம். தங்களுடையதோ 1.5 + 1.5 = 3; ஒவ்வொரு பக்கமும் 0.6 மி.மீ ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. ஒவ்வொரு முனையிலும் உள்வழிக் காற்று வேலை செய்யாமல் நேரே வெளிவழியில் ஓடிவிடும். 2 பாரில் காற்று மிகுதியாக வருவதால் குறை மறைந்திருக்கிறது. வெளிவழியில் ஒரு குழாயைச் செருகி நீரில் அமிழ்த்தி, பிஸ்டனை முனையில் நிறுத்திக் காற்றைத் திறந்தால், குமிழிகளே சாட்சி சொல்லும்.

சட்டத்தை வீணாக்க வேண்டியதில்லை. சிலிண்டர் துளையை மட்டும் பித்தளைக் குச்சியால் அடைத்து, முகத்தைச் சமன்படுத்தி, 1.7 மி.மீ-இல் மறுபடி துளையிடுங்கள். 1.5 + 0.85 = 2.35, இது போதும். பின்னாளில் நீராவியில் ஓட்டும் எண்ணம் இருந்தால், குச்சியைப் பசையால் ஒட்டாமல் வெள்ளிப் பற்றாசு வையுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீரில் அமிழ்த்தியதும் குமிழிகள் நிற்காமல் வந்தன. துளையை அடைத்து 1.7 மி.மீ போட்டபின் 0.3 பாரிலேயே நிதானமாகச் சுழல்கிறது. பிஸ்டனைத் தேய்க்காமல் விட்டது நல்லதாயிற்று.

மறுமொழி 3

மகிழ்ச்சி. தங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை.

நான்கு வீச்சு எஞ்சினில் வால்வு, கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் புடைப்புச் சக்கரம்), கார்புரேட்டர், தீப்பொறி என நான்கு அமைப்புகள் ஒருசேர ஒழுங்காக இருந்தாக வேண்டும்; ஓடாவிட்டால் எதன் குற்றம் என்று தெரியாது. சிறிய அளவே ஒரு கூடுதல் பகை. நீள அகலங்களைப் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிறது. பரப்போ நான்கில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஆகவே எரிந்த வாயு தன் வெப்பத்தைச் சுவருக்கு இரட்டிப்பு விகிதத்தில் பறிகொடுக்கிறது.

அதனால் இடையில் ஒரு ஸ்டிர்லிங் எஞ்சினைச் செய்யுமாறு பரிந்துரைப்பேன். 1816-இல் ராபர்ட் ஸ்டிர்லிங் காப்புரிமை பெற்ற இந்த வகையில் வால்வும் இல்லை, தீப்பொறியும் இல்லை. விசைப் பிஸ்டனுக்கும் காற்றை இடம் மாற்றும் பிஸ்டனுக்கும் இடையே 90 பாகை வித்தியாசம் இருந்தால் போதும். எளிது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. சிறிது உராய்வு இருந்தாலும் அது அசையாது. கெட்டியான எண்ணெய் இட்டாலும் நின்றுவிடும், ஆதலால் பலர் கிராஃபைட் பிஸ்டனையே விரும்புகிறார்கள். ஆனால் ஓடாதபோது தேட வேண்டியவை பெரும்பாலும் உராய்வும் கசிவும்தான், அந்தத் தேடலைத் தாங்கள் இப்போதுதான் பழகியிருக்கிறீர்கள்.

பெட்ரோல்தான் வேண்டுமென்றால், வேகம் மிகும்போது வெளியேற்று வால்வைத் திறந்தே பிடித்து, எரிதலைத் தவிர்த்துவிடும் பழைய வகை ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். அதன் உள்வால்வு உறிஞ்சலாலேயே திறப்பதால் ஒரே ஒரு கேம் போதும். வால்வுகளை இருக்கையில் (அவை மூடி அமரும் விளிம்பில்) அமர்த்தியதும் அவற்றின் வழியில் மண்ணெண்ணெய் ஊற்றி, மறுபக்கம் கசிகிறதா என்று சில நிமிடங்கள் பாருங்கள். கசிந்தால் இருக்கையைத் திரும்ப உரசிச் சரிசெய்த பிறகே மற்ற பாகங்களைப் பூட்டுங்கள்.