தெருவுக்கு 16 கேமரா போட்டா செயின் பறிப்பு நின்னுடுமா? நாகர்கோவில் ஆளுங்க வாங்க, பேசுவோம்

சுசீந்திரம் தேரடி:
மக்கா எல்லாருக்கும் வணக்கம். எங்க தெரு ரெண்டு மெயின் ரோட்டுக்கு நடுவுல உள்ள குறுக்குத் தெரு, 60 வீடு இருக்கு, போன மாசம் மட்டும் ரெண்டு செயின் பறிப்பு. ஒண்ணு எங்க எதிர்த்த வீட்டு அக்கா, காலைல அஞ்சரை மணிக்கு கோலம் போட்டுட்டு இருந்தாங்க, பைக்ல ரெண்டு பேரு, பின்னாடி இருந்தவன் இறங்கி அட்ரஸ் கேக்குற மாதிரி பக்கத்துல வந்து அஞ்சு பவுன் தாலிச்செயின அறுத்துட்டுப் போயிட்டான். சத்தம் கேட்டு நான் ஓடுனப்ப கோலப்பொடி டப்பா ரோட்டுல உருண்டு கெடக்கு, அவங்க கழுத்துல கோடு போட்ட மாதிரி செவந்து போயி பேச்சே வரல. இப்ப சங்கத்துல வீட்டுக்கு 2,500 ரூபா, மொத்தம் ஒண்ணரை லட்சம், 16 கேமரான்னு முடிவு பண்ணிருக்காங்க. நான் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். அந்த காசுல மொதல்ல தெரு வெளிச்சத்த சரி பண்ணணும்னு சொல்லுதேன், ராத்திரி நடந்து வர்ற ரோந்து வேணும்னு கேக்கணும்னு சொல்லுதேன், ஒருத்தரும் காது குடுக்கல. நான் சொல்லுறது தப்பா?

ஏட்டு ரிட்டயர்டு:
தப்புதான் தம்பி, கோவிச்சுக்காதீங்க. நான் 30 வருசத்துக்கு மேல யூனிஃபார்ம் போட்டவன். கேமரா இல்லாத காலத்துல செயின் கேஸ் வந்தா அந்தம்மா சொல்ற அடையாளம் ஒண்ணுதான், கறுப்பு பைக், நீலச் சட்டை, அவ்ளோதான். இப்ப எப்படிப் புடிக்கிறாங்கன்னு சொல்றேன் கேளுங்க. பைக்கே திருட்டு பைக்கா இருக்கும், நம்பர் போலி, அதனால நம்பர நம்பி யாரும் போறதில்ல. டீக்கடை கேமரால ஒரு நிமிசம், அடுத்து பெட்ரோல் பங்க், அடுத்து ஜங்ஷன்னு ஒவ்வொண்ணா கோர்த்துக்கிட்டே போவாங்க, எங்கயோ ஒரு எடத்துல அவன் ஹெல்மெட்ட கழட்டுவான், சட்டைய மாத்துவான் ஆனா செருப்ப மாத்த மாட்டான், அதுல மாட்டுவான். சென்னையில மூன்றாவது கண்ணுன்னு தெருத்தெருவா கேமரா வச்சதுல எத்தனை கேஸ் இப்படி முடிஞ்சிருக்கு. நடுவுல ஒரு தெரு இருட்டா விட்டுப் போச்சுன்னா சங்கிலி அங்கயே அறுந்துடும். உங்க தெருதான் அந்த எடமா இருக்கணுமா?

பழையாத்தங்கரை:
அண்ணாச்சி, நான் கேமரா மாட்டித்தான் பொழப்பு நடத்துறேன், அதனால உள்ளத சொல்றேன். 2 டிபி ஹார்டு டிஸ்க்ல 16 கேமரா நல்ல குவாலிட்டில ஓடினா ஒரு வாரம் தாங்குறதே கஷ்டம், பழசு மேல புதுசு ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிட்டு பத்து நாள் கழிச்சு வந்து பூட்டு ஒடைஞ்சிருக்குன்னு பாத்தா ஃபுட்டேஜ் இருக்காது. ராத்திரி ஹெட்லைட் நேரா லென்ஸ்ல அடிச்சா நம்பர் பிளேட் வெள்ளத் தகடு மாதிரிதான் தெரியும். கரண்ட் போனா யூபிஎஸ் பேட்டரி யாரு மாத்துவா, வருசா வருசம் சர்வீஸுக்கு யாரு காசு தருவா? மொதல் வருசம் எல்லாரும் தருவாங்க. மூணாவது வருசம் போயி பாருங்க, பாதி கேமரால சிலந்தி வலதான் தெரியும். கேமரா வேணாம்னு நான் சொல்லல. 16 வேணாம்.

சுசீந்திரம் தேரடி:
இதத்தான் நானும் சொல்ல வந்தேன். 40 வருசத்துல உலகம் பூரா கேமரா பத்தி நடந்த ஆய்வெல்லாம் சேத்து 2019ல ஒரு கணக்கு வந்துச்சு, குற்றம் மொத்தத்துல 13 சதவீதம்தான் கொறைஞ்சிருக்கு, அதுவும் நல்ல பலன் கார் பார்க்கிங்லதான், அடிதடி மாதிரி வன்முறைக்கு பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா நியூயார்க்ல 2016ல அரசுக் குடியிருப்புகள்ல சீட்டுப் போட்டு எடுத்த மாதிரி தேர்ந்தெடுத்து நல்ல வெளிச்ச லைட்டு வச்சுப் பாத்தாங்க, ராத்திரி வெளியில நடக்குற பெரிய குற்றம் ஏறக்கொறைய 36 சதவீதம் கொறைஞ்சுது. பிலடெல்ஃபியால 2009ல குற்றம் அதிகமா நடக்குற 60 எடத்துல போலீஸ நடந்தே ரோந்து போக விட்டாங்க, வன்முறை 23 சதவீதம் கொறைஞ்சுச்சு. அதே கான்சாஸ் சிட்டில 1972ல ஜீப்புல சும்மா சுத்துற ரோந்த ஒரு பக்கம் கூட்டி, ஒரு பக்கம் நிறுத்திப் பாத்தப்ப ஒரு வித்தியாசமும் தெரியல. நம்ம ஊர்லயும் ஜீப்பு வருது, சைரன் போட்டுட்டு மெயின் ரோட்டோட போயிடுது. நம்ம சந்துக்குள்ள எறங்கி நடக்குறவங்க எத்தனை பேரு?

ஏட்டு ரிட்டயர்டு:
அமெரிக்காக் கணக்கு நம்ம சந்துக்கு அப்படியே ஒத்து வராது. அங்க துப்பாக்கி, இங்க செயின். நடந்து ரோந்து போகணும்னா ஆள் வேணும், ஒரு ஸ்டேஷன்ல இருக்குற ஆளு கோயில் கொடை பந்தோபஸ்து, கோர்ட்டு சம்மன், வி.ஐ.பி. டூட்டின்னு போயிட்டா மிச்சம் யாரு? பத்து ராத்திரி தொடர்ந்து நின்ன ஆளுகிட்ட கேட்டுப் பாருங்க. அந்த ஆள் பஞ்சத்துக்காகத்தான் கேமரான்னு சொல்றேன்.

மீனாட்சிபுரம் டெய்லர்:
ரெண்டு பேரும் பேசுறத படிச்சேன். நான் தெனமும் ராத்திரி ஒம்பது மணிக்கு கடைய அடைச்சுட்டு நடந்து வீட்டுக்கு வர்றவ. எனக்கு கேமராவும் தெரியாது ஆய்வும் தெரியாது. நான் வர்ற வழில 400 அடிக்கு வெளிச்சமே கெடையாது, அந்த எடம் வந்ததும் பையை இந்தத் தோள்லேர்ந்து அந்தத் தோளுக்கு மாத்தி, செயின சேலைக்குள்ள தள்ளி, போனக் காதுல வச்சுப் பேசுற மாதிரி நடிச்சுக்கிட்டே வருவேன். நாலு வருசமா இதே பழக்கம். முன்னாடி அந்த முக்குல ஒரு பெட்டிக்கடை ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கும், அண்ணாச்சி ‘என்னம்மா லேட்டா’ன்னு கேப்பாரு, அந்த ஒரு கொரலுக்காகவே பயம் இருக்காது. கடைய எடுத்ததுல இருந்துதான் பயம். கேமரா எங்கிட்ட பேசுமா? நாளைக்கு என் செயின எவனாச்சும் அறுத்தா அவனப் புடிச்சுடலாம் சரி, அறுக்காம இருக்க என்ன பண்றீங்க, அத சொல்லுங்க.

கோர்ட்டு வாசல்:
நான் வக்கீல். எல்லாரும் தெருவப் பத்திப் பேசுறீங்க, பயலுகளப் பத்தி ஒருத்தரும் பேசல. 17 வயசுல ஒரு பைக் கேஸ்ல மாட்டுன பையன், சிறார் சட்டப்படி அவன் ரெக்கார்டு பின்னால அழிக்கப்படணும், ஆனா ஏரியால ஒவ்வொரு தடவ திருட்டு நடந்தாலும் மொதல்ல அவன் வீட்டுக் கதவத்தான் தட்டுறாங்க. வேலைக்குப் போனா அங்கயும் தேடி வர்றாங்க, மொதலாளி நாளைலேர்ந்து வராதன்னுடுவாரு. அப்புறம் இனி தப்பு பண்ண மாட்டேன்னு எழுதி வாங்குற நன்னடத்தைப் பத்திரம், அதுக்கும் மேல 1982 குண்டர் சட்டம், ஒரு வருசம் வரைக்கும் விசாரணையே இல்லாம உள்ள வைக்கலாம். வெளிய வர்றப்ப அவனுக்குப் பழக்கமான ஆளுங்க யாரு? உள்ள பாத்தவங்கதான். காவல் சிறார் மன்றம்னு போலீஸே நடத்துற கிளப் இருக்கு, சாயங்காலம் டியூஷன், கேரம், ஃபுட்பால். ஒண்ணரை லட்சத்துல பாதிய அங்க போடுங்கன்னு நான் சொல்லுவேன்.

ஏட்டு ரிட்டயர்டு:
வக்கீல் சார், நீங்க அந்தப் பையன மட்டும் பாக்குறீங்க, கழுத்து செவந்த அந்த அம்மாவ யாரு பாக்குறது? அஞ்சு தடவ ஜாமீன்ல வந்து அஞ்சு தடவையும் அறுத்தவன நான் பாத்திருக்கேன். குண்டர் சட்டத்துல ஆறு பேர உள்ள வச்சா ஒரு ஏரியாவே அமைதியாகுறத கண்ணால பாத்திருக்கேன். அதே சமயம் ஒண்ணு ஒத்துக்குறேன், மக்கள் பழக்கம் இல்லாம போலீஸால ஒண்ணும் முடியாது. 1993ல ராமநாதபுரத்துல ஊர் ஆளுங்க தன்னார்வலரா போலீஸுக்கு உதவுற ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் ஆரம்பிச்சப்ப அந்த எண்ணம் நல்ல எண்ணம்தான்.

கோர்ட்டு வாசல்:
நல்ல எண்ணம்தான், ஆனா சாத்தான்குளத்துல போலீஸ் கூட்டிட்டுப் போன அப்பாவும் மகனும் செத்ததுக்கப்புறம் 2020 ஜூலைல அரசே அத தடை பண்ண வேண்டி வந்துச்சே. காரணம் என்ன? தெரு ஆளுக்கு அதிகாரம் குடுத்துட்டு, கேள்வி கேக்க ஆளே வைக்கல. உங்க சங்கம் ‘தன்னார்வலர் ரோந்து’ன்னு பயலுகள கம்போட அனுப்புற யோசனைல இருந்தா தயவுசெஞ்சு வேணாம். நாளைக்கு ஒரு பீகார்ப் பையன நிறுத்தி அடிச்சுடுவாங்க.

தேரடி அண்ணே, அந்த அக்கா கேஸ்ல எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கிட்டீங்களா? காசு கெடையாது, கேட்டு வாங்கலாம். 2024 ஜூலைல வந்த பாரதிய நியாய சன்ஹிதாங்குற புதுச் சட்டத்துல பறிப்புன்னு தனியாவே 304வது பிரிவு இருக்கு, மூணு வருசம் வரைக்கும் தண்டனை. வழிப்பறின்னு ஆனா அதுக்கும் மேல. எந்தப் பிரிவு போட்டிருக்குன்னு பாத்து சொல்லுங்க.

பழையாத்தங்கரை:
நான் ஒண்ணு சொல்லட்டா. தெருவுக்கு ரெண்டு வாசல். ரெண்டு வாசல்லயும் ரெண்டு ரெண்டு கேமரா, ஒண்ணு ஆளப் பாக்க, ஒண்ணு கீழ எறக்கி நம்பர் பிளேட்டுக்குன்னு தனியா. நாலே கேமரான்னா அதே டிஸ்க்ல மூணு வாரத்துக்கு மேல நிக்கும். வீட்டுக்கு 700, 800ல முடியும்.

சுசீந்திரம் தேரடி:
நாலுன்னா நான் காசு தர்றேன். எஃப்.ஐ.ஆர். காப்பிக்கு நாளைக்கு அக்கா வீட்டுக்காரரோட போறேன்.

டெய்லர் அக்கா சொன்னது மனசுல குத்திருச்சு, நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு என் பொண்டாட்டியும் நானும் எங்க தெருவ இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் நடந்தோம், எண்ணிப் பாத்தோம். 11 கம்பம். ஏழு எரியுது. மூணு எரியல, கம்பம் நம்பர எழுதி வச்சிருக்கேன், காலைல மனு குடுக்குதேன். மிச்சம் ஒண்ணு எரியத்தான் செய்யுது, ஆனா எங்க வீட்டு மாமரக் கெளைக்குள்ள எரியுது. அதுக்கு நேரா கீழதான் அந்த அக்கா கோலம் போடுவாங்க. கெளைய வெட்ட ஆளு சொல்லியாச்சு, சனிக்கிழமை வர்றாங்க.