அம்மயக் கூட்டிட்டு பார்படோஸ் போகலாமா? செயின்ட் லாரன்ஸ் கேப் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நித்திரவிளைக்காரன்:
எனக்க தங்கச்சி வெஸ்ட் இண்டீஸ் பக்கம் பார்படோஸ் தீவுல நர்ஸா இருக்கா. அம்மயக் கூட்டிட்டு வா அண்ணான்னு ரெண்டு வருசமா ஒரே தொல்ல. பெப்ரவரியில ரெண்டு வாரம் போகலாம்னு இருக்கோம். அவளுக்க வீடு செயின்ட் லாரன்ஸ் கேப் பக்கம். நெட்டுல பாத்தா ராத்திரி முழுக்க பாட்டும் கூத்தும்தான் கெடக்கு. அம்மைக்கு 64 வயசு. சின்னத்துறையில பொறந்தவ, இருபது வருசம் கடவத்துல மீன் சுமந்து வித்தவ. "லெச்சக்கணக்குல தொலச்சு கடல் பாக்கப் போணுமா, வீட்டுக்குப் பொறத்தால கெடக்கியது என்ன?"ன்னு கேக்கா. எனக்கும் பதில் இல்ல. அங்க அவளுக்கு ஒத்துவருமா?

கொல்லங்கோட்டுப் பய:
அண்ணே, அங்கத்த தலைநகர் பிரிட்ஜ்டவுன் போயிட்டு கென்சிங்டன் ஓவல் கிரிக்கெட் கிரவுண்ட பாக்காம வந்துராதீங்க. 2024 ஜூன் 29, கடைசி ஓவர்ல சூர்யகுமார் கோட்டு ஓரத்துல புடிச்ச கேட்ச், 7 ரன்னுல நமக்கு டி20 உலகக் கப்பு. மத்தது எனக்கு ஒண்ணும் தெரியாது.

கப்பல் அடுக்களை, தேங்காப்பட்டணம்:
தம்பி, பிரிட்ஜ்டவுன்ல இருந்து ஓடுன பயணிக் கப்பல்ல ரெண்டு காண்ட்ராக்ட் சமையல்ல நின்னவன் நான். ஒரு தடவ கப்பல் ஏறதுக்கு முன்ன ஒம்பது நாளு கேப்புக்குள்ளயே லாட்ஜில கெடந்தேன். அதனால சொல்லுதேன்.

தீவு மொத்தமே 431 சதுர கிலோமீட்டர். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல நாலுல ஒரு பங்கு. கேப்புன்னா மெயின் ரோட்டுல இருந்து கடலப் பாத்து உள்ள வளஞ்சு போற ஒத்த ரோடு. ரெண்டு பக்கமும் ஓட்டலும் பாரும். பகல்ல தூங்கிக் கெடக்கும், ராத்திரி பத்துக்கு மேலதான் முழிக்கும். ஒம்பது நாளும் காதுல பஞ்சு வச்சுத்தான் ஒறங்குனேன். தங்கச்சி வீடு அந்த ரோட்டு மேலேயேன்னா அம்மைக்குக் கஷ்டம். கொஞ்சம் தள்ளின்னா பயப்படாண்டாம். காலம்பற பக்கத்துல உள்ள டோவர் பீச்சுல நடக்க விடு, அம்மைக்குப் புடிக்கும்.

ஆனா அம்மைக்கு உள்ள எடம் கேப் இல்ல, ஓய்ஸ்டின்ஸ். அது மீன்புடி ஊரு. வெள்ளிக்கெழம ராத்திரி கடக்கரையில கட கடயா அடுப்பெரியும், குடும்பம் குடும்பமா வந்து பெஞ்சுல உக்காந்து திம்பாங்க. கேப் பக்கம் மெயின் ரோட்டுல நின்னு கைய நீட்டுனா 11-ம் நம்பர் வேன் நிறுத்தும். நம்பர் பிளேட்டுல இசட் ஆர்னு இருக்கும், மூணர டாலர். பாட்டு அலறும், ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காராத கொறதான். நம்ம களியக்காவிள மினிபஸ்ஸ நெனச்சுக்கோ. அங்கத்த ரெண்டு டாலர் அமெரிக்கா டாலர் ஒண்ணு, கணக்கு லேசு.

ஒரு கடையில பலகையில 'டால்பின்'னு எழுதியிருந்துச்சு. ஓங்கிலையா திங்கிறானுவன்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கேட்டா மாஹி மாஹி மீனு. சூரையும் உண்டு. ஆனா அந்த ஊரு மீனுன்னா பறவைக்கோலாதான், தண்ணிக்கு மேல பறக்குமே அது. மக்காச்சோள மாவுல வெண்டக்காயப் போட்டுக் களி மாதிரி கிண்டி, அது மேல மீன் கொழம்ப ஊத்தித் தருவாங்க. சீமச்சக்கையும் கிட்டும். அம்மைக்கு ஒறப்பு போராதுன்னா மஞ்சக் கலர்ல ஒரு மொளகுச் சாறு வைப்பாங்க, சொட்டு விட்டாப் போதும். நான் கரண்டில ஊத்திட்டு முழிச்சேன்.

கவனிக்க ரெண்டு காரியம். பட்டாளத்துப் புள்ளி போட்ட துணி ஒண்ணும் பெட்டியில வைக்காத, அங்க சட்டப்படி குத்தம், கொச்சுப் பிள்ளைக்கும் கூடாது. நான் அப்படி ஒரு அரக்கால் டிரவுசர் இட்டுட்டு எறங்கி, ஏர்போர்ட் கக்கூஸில நின்னு கைலி மாத்துனேன். அடுத்தது கடக்கரையில மான்சினீல்னு ஒரு மரம். சின்னப் பச்ச ஆப்பிள் கணக்கா காய்க்கும், பாலெல்லாம் வெசம். மழைக்கு அடியில ஒதுங்குனாலே தோல் பொள்ளும். தடியில செவப்பு வளையம் வரஞ்சிருந்தா கிட்ட போவாத.

நம்ம பாஸ்போர்ட்டுக்கு பார்படோஸ் விசா வேண்டாம். லண்டன் வழியா டிக்கெட் போட்டா அங்கத்த ட்ரான்சிட் விசாவ மொதல்ல பாரு, அதுலதான் ஆளுவ மாட்டும்.

இரவிபுத்தன்துறை:
புயல் காலம் ஜூன்ல இருந்து நவம்பர், பெப்ரவரியில பேடி இல்ல. 2024 ஜூலை 1-ல பெரில் புயல் அடிச்சப்ப பிரிட்ஜ்டவுன் மீன்பிடித் துறையில வள்ளங்க ஒண்ணோட ஒண்ணு மோதிப் பொளந்து கெடந்த வீடியோ பாத்தேன். நம்ம டீம் கப்போட ஓட்டல்ல மாட்டிக் கெடந்ததத்தான் இஞ்ச எல்லாரும் பேசுனானுவ. ஒக்கி புயல் பாத்த ஆளுக்கு அந்த வள்ளங்கதான் கண்ணுல நிக்கும். ஓய்ஸ்டின்ஸ் போனா அம்மைய அந்த மீன்காரங்ககிட்ட ரெண்டு வார்த்த பேச வைங்க, பாஷ தெரியாட்டியும் பரவாயில்ல.

நித்திரவிளைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அடுக்களை அண்ணன் எழுதுனத அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன். கேப், பாட்டு எல்லாம் சும்மா கேட்டுட்டு இருந்தா. பறவைக்கோலான்ன உடனே, "அத யாரு காசு குடுத்துத் திங்கியது?"ன்னா.

கப்பல் அடுக்களை, தேங்காப்பட்டணம்:
காசு குடுத்துத் திங்கியது மட்டுமா, காசுலயே அத அடிச்சு வச்சிருக்கானுவ. ஒரு டாலர் நாணயத்துல ஒரு பக்கம் அந்த மீனுதான், ஏழு மூல உள்ள நாணயம். எனக்க கையில ஒண்ணு கெடக்கு. ஞாயித்துக்கெழம நித்திரவிள வாறேன், அம்மைகிட்ட காட்டு.

நித்திரவிளைக்காரன்:
வாங்க அண்ணே. மரச்சீனியும் சாளக் கறியும் வைக்கச் சொல்லுதேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு எந்தச் சேலைன்னு இப்பமே கேக்க ஆரம்பிச்சிட்டா.