ஆணையத்தின் முன் நின்ற நாட்கள்: அந்த நாற்காலியில் யார் அமர்ந்திருந்தார்?

ஓய்வுபெற்ற எழுத்தர், மதுரை:

மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றினேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. முதுநிலைப் பட்டியலில் எனக்குக் கீழே இருந்த இருவருக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கு மட்டும், மேலதிகாரி என் பணியைப் பற்றி எழுதிய, அதுவரை யாரும் என்னிடம் காட்டியிராத மந்தண அறிக்கையின் ஒற்றை வரி காரணமாகச் சொல்லப்பட்டது. எந்தப் பணியிடம் எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரியது என்று காட்டும் ரோஸ்டர் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டபோது, பட்டியல் சாதி ஊழியர்களான எங்கள் நலனுக்கென்றே நியமிக்கப்பட்டிருந்த தொடர்பு அலுவலர், அது தலைமையகத்தில் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு மனு எழுதினேன்.

விசாரணை நாளன்று நான் கண்டதை மறக்க இயலாது. எட்டு மாதங்களாகக் கிடைக்காத பதிவேடு, பொது மேலாளரின் கையிலேயே வந்து சேர்ந்திருந்தது. அரசியலமைப்பின் 338-ஆவது பிரிவு இந்த ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அழைப்பாணை அதிகாரத்தைத் தருவதால்தான் அவர் வந்தார் என்று அன்று நினைத்தேன். வெளியே வந்தபின் எங்கள் அலுவலக அதிகாரி ஒருவரே, "சட்டத்துக்காக இல்லை ஐயா, உள்ளே விசாரிக்கும் ஆணையத் தலைவருக்குக் கட்சியில் இருக்கும் செல்வாக்குக்காக" என்றார். பதவி உயர்வு கிடைத்தது. ஆயினும் அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது. அதே செல்வாக்கு என் எதிர்த்தரப்புக்கு வேண்டியதாக இருந்திருந்தால் என் மனு என்னவாகியிருக்கும்?

தொழிற்சங்கப் பொறுப்பாளர், சென்னை:

ஐயா கேட்ட கேள்வியை எங்கள் சங்க அறையில் இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பல உறுப்பினர்களுக்காக மனு எழுதித் தந்து, விசாரணைகளுக்கும் உடன் சென்றிருக்கிறேன். நான் முதலில் சொல்ல வேண்டியது 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றி. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் நடந்துகொண்டிருந்த பதவி உயர்வு நடவடிக்கையை நிறுத்திவைக்குமாறு அன்றைய ஆணையம் எழுதியது. ஆணையத்துக்குள்ள நீதிமன்ற அதிகாரம் விசாரணை நடைமுறைக்கு மட்டுமே உரியது, தடையாணை பிறப்பிக்க அது போதாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, ஆளை வரவழைக்கலாம், கோப்பைக் கேட்கலாம், பரிந்துரை செய்யலாம். அதற்கு மேல் நிறுவனம் மனம் வைத்தால்தான் உண்டு. சட்டத்தின் கை குட்டையாக இருக்கும் இடத்தில் தலைவரின் அரசியல் கை நீளுகிறது என்பதே என் அனுபவம்.

அந்தக் கை எல்லா ஆட்சியிலும் கட்சிக் கையாகவே இருந்திருக்கிறது. 2010-இல் ஆணையத் தலைவரான பி.எல். புனியா அப்போது காங்கிரஸ் மக்களவை உறுப்பினர். ஆணையத் துணைத் தலைவராக இருந்த எல். முருகன் 2020 மார்ச்சில் பாரதிய ஜனதாவின் தமிழ்நாட்டுத் தலைவரானார். விஜய் சாம்ப்லா ஆணையத் தலைவர் பதவியை விட்டு விலகி, 2022 பஞ்சாப் தேர்தலில் நின்று தோற்று, மீண்டும் அதே பதவிக்கு வந்தார். இவர்களுள் எவரும் ஒரு மனுவையாவது பாரபட்சத்தோடு நடத்தினார் என்று நான் கூறவில்லை. ஆனால் பதவிக்காலம் மூன்றே ஆண்டுகள். நியமிப்பது மத்திய அரசு. எங்கள் மனுக்களில் பெரும்பாலானவற்றின் எதிர்த்தரப்பும் அதே அரசின் நிறுவனங்கள். தலைவர் தம் அடுத்த பதவிக்கு யாரை எதிர்பார்க்க வேண்டுமோ அவரையே இன்று கேள்வி கேட்கச் சொல்கிறோம்.

விசாரணைக்குச் செல்வோருக்கு ஒரு யோசனை: நடவடிக்கைக் குறிப்பின் நகலைப் பெறாமல் ஊர் திரும்பாதீர்கள். பரிந்துரை ஏற்கப்படாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.

பார்வை இழந்த ஊழியர், திருச்சி:

என்னுடையது வேறு சட்டம், ஆனால் இதே கதை. விபத்தில் பார்வை போனபின், மத்திய அரசைச் சார்ந்த என் அலுவலகம் என்னை விருப்ப ஓய்வில் போகச் சொன்னது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. மாற்றுத்திறனாளிகளின் முறையீடுகளை விசாரிக்கும் தலைமை ஆணையரின் பரிந்துரையை ஏற்க மறுத்தால் மூன்று மாதத்துக்குள் காரணம் தெரிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. எனக்கு அந்தக் கெடுவே உதவியது. எண்பதாவது நாளில் தொலைபேசிப் பிரிவில் பணி தந்தார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான் மனுச் செய்தது 2023-இல். தலைமை ஆணையருக்கு எழுதிய மனுவின் நகலை மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறைச் செயலாளருக்கும் அனுப்பும்படி நண்பர் யோசனை சொன்னார். அப்போது துறைச் செயலாளரே தலைமை ஆணையர் பொறுப்பையும் கூடுதலாக வகித்து வந்தார். நகலுக்கான தபால் செலவு எனக்கு மிச்சமாயிற்று.