‘லைக்லி வோட்டர்’ – சொல் வேண்டும், வெள்ளிக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

முதுநிலை அரசியல் அறிவியல் பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்க பிரைமரி தேர்தல்களில் (கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தல்) கருத்துக்கணிப்பு ஏன் சறுக்குகிறது என்பது பொருள். ‘லைக்லி வோட்டர்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பதிவு செய்தவர் எல்லாரும் பிரைமரிக்கு வருவதில்லை என்பதால், யார் வருவார் என்று அனுமானித்து அவர்கள் பதிலை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். பழைய வரைவில் ‘வாக்களிக்கக்கூடியவர்’ என்று இருக்கிறது. மாணவர் அதை ‘வாக்குரிமை உள்ளவர்’ என்றுதான் படிப்பார். வேறு சொல் தாருங்கள்.

‘பிரைமரி’க்கும் ஒன்று சொல்லலாம். ‘முதற்கட்டத் தேர்தல்’ மட்டும் வேண்டாம். ஏழு கட்ட மக்களவைத் தேர்தலைப் பார்த்தவர்கள் நாம்.
– இரா.

> வேறு சொல் தாருங்கள்

வருவாக்காளர். வினைத்தொகை. ஊறுகாய் போல முக்காலமும் உள்ளே அடங்கும்: வந்த வாக்காளர், வருகின்ற வாக்காளர், வரும் வாக்காளர். ‘இருபுனலும்’ குறளில் வருபுனல் இருக்கிறதே, அதே அமைப்பு. பிரைமரிக்கு முன்தேர்தல்.
– செ.

செ. ஐயாவின் சொல் காதுக்கு நல்லாயிருக்கு. ஆனால் ‘வாக்கு’ வடசொல்தானே? எங்கட பக்கம் அரச ஆவணங்களில் ‘தேருநர் இடாப்பு’ என்று எழுதுகிறோம். ‘வருதேருநர்’ என்று வைத்தால் என்ன? முன்தேர்தலைப் புணர்த்தி எழுதினால் ‘முன்றேர்தல்’ ஆகும். அது யாருக்கு விளங்கும்?
– ச., யாழ்ப்பாணம்

தேருநர் என்றால் மதுரைப் பிள்ளைகள் சித்திரைத் தேர் வடம் பிடிப்பவரை நினைப்பார்கள், ஐயா.
– இரா.

வாக்கும் வேண்டாம், தேருநரும் வேண்டாம். மக்கள் சொல் ‘ஓட்டு’ இருக்கிறதே! அது ஆங்கிலம் என்பது தவறு. ஏதென்ஸில் ஊர்விலக்கம் செய்ய ஓட்டாஞ்சில்லில் பெயர் கீறிப் போட்டார்கள். ஓடு, ஓட்டில், ஓட்டு. நம் குடவோலைக்கு முன் குடவோடு இருந்திருக்க வேண்டும். அகநானூறு 77இல் ‘கயிறுபிணிக் குழிசி ஓலை’ என்று வருவதையும் பாருங்கள்.
– மு.

மு. ஐயா, பாட்டில் ஓலைதான் இருக்கிறது, ஓடு இல்லை. வோட்டு லத்தீன் வழி வந்தது. அங்கே அதற்கு நேர்த்திக்கடன் என்று பொருள். குடவோலையை இழுத்ததற்கு மட்டும் நன்றி. உத்திரமேரூரில் நடந்ததை எல்லாரும் தேர்தல் என்கிறோம், எனக்கு அது சமவாய்ப்புக் கூறெடுப்பு (ரேண்டம் சாம்பிளிங்). 35 வயதுக்கு மேல் 70க்குள், இறை கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு என்று முதலில் தகுதி பார்த்துவிட்டு, பிறகு குடத்தில் கைவிட்டு எடுத்தார்கள்.

இனி வேலைக்கு வருவோம். வருவாக்காளர் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் தயங்குகிறேன். செ. ஐயா பெருமையாகச் சொல்லும் முக்காலத்தைப் பிரிப்பதுதான் இந்த இயலின் வேலையே. கணிப்பாளர்கள் வாக்காளர் பட்டியலை எடுத்து, முந்தைய பிரைமரிகளில் வாக்களித்தவரை மட்டும் அழைப்பது உண்டு. அதில் புதிதாக வருபவர் விடுபடுவார். கிடைத்தவரிடமெல்லாம் ‘இந்த முறை போவீர்களா’ என்று கேட்பதும் உண்டு. அதில் போகாதவரும் கூச்சப்பட்டு ‘போவேன்’ என்பார்.

2016 மிச்சிகனைப் பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்கு அங்கே ‘போன முறை’ என்று சொல்ல உருப்படியாக ஒன்றுமில்லை. 2008இல் கட்சி விதியை மீறி பிரைமரியை ஜனவரிக்கு முன்தள்ளியதால், ஒபாமா வாக்குச்சீட்டிலிருந்தே பெயரை விலக்கிக்கொண்டார். 2012இல் அவரே அதிபர், போட்டியில்லை. வாக்காளர் பட்டியலில் கட்சிப் பதிவும் கிடையாது. யாரும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம். போதாக்குறைக்குச் சில கணிப்புகள் தரைவழித் தொலைபேசியையே நம்பின, ஏனென்றால் சம்மதமில்லாமல் கைபேசிக்குத் தானியங்கி அழைப்பு விட 1991ஆம் ஆண்டுச் சட்டம் விடுவதில்லை. இளைஞர் எப்படி அகப்படுவார்? கணிப்புகளின் சராசரியில் ஹிலாரி கிளின்டன் சுமார் 20 புள்ளி முன்னே நின்றார். வென்றவர் அவரை எதிர்த்த பெர்னி சாண்டர்ஸ், இரண்டு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில்.

நேர்மாறாக, 2008 அயோவா (அது காகஸ், கட்சியினர் நேரில் கூடி வேட்பாளரைத் தேரும் கூட்டம்; அதற்கும் சொல் கேட்டுவிடாதீர்கள்). பழைய ஆட்களோடு நிற்காமல் பட்டியல் முழுதிலிருந்தும் கூறெடுத்தார் கணிப்பாளர் ஆன் செல்சர். வருபவர்களில் 60% பேர் முதன்முறை வருபவர்கள் என்று அவர் கணிப்பு சொன்னது. மற்ற முகாம்கள் நம்பவில்லை. 2004இல் சுமார் 1,24,000 பேர் வந்த இடத்தில் கிட்டத்தட்ட 2,40,000 பேர் வந்து நின்றார்கள், ஒபாமா ஜெயித்தார்.

ஆகவே எனக்கு இரண்டு சொல் வேண்டும்: ‘முன்வாக்களித்தவர்’, ‘வருவேன் என்பவர்’.
– பு.

அம்மா, பொதுப்பெயர் ஒன்று இருந்தால்தானே சிறப்புப்பெயர் பிரிக்க முடியும்? தொகையை விரிப்பது ஆசிரியர் வேலை. சொல்லின் மேல் பழி போடாதீர்கள்.
– செ.

விரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எரிக் கேன்டர் இருக்கிறார், ஐயா. 2014, வர்ஜீனியா, குடியரசுக் கட்சி பிரைமரி. அவருடைய சொந்தக் கணிப்பாளர் ‘லைக்லி’ என்று பொறுக்கிய 400 பேரைக் கேட்டு 34 புள்ளி முன்னிலை என்றார். 2012இல் வந்தது சுமார் 47,000 பேர், அந்த ஆண்டு வந்தது 65,000. நாடாளுமன்றக் கீழவையின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த கேன்டர் 11 புள்ளியில் தோற்றார். 400 என்ற எண்ணிக்கையில் குறை இல்லை. எந்த 400 என்பதில்தான் கோளாறு.
– பு.

இதற்கிடையில், வாக்களிக்க வருபவரை வடிகட்டும் ‘ஸ்கிரீன்’ கேள்விக்கு ‘சல்லடை வினா’ சரியா?
– இரா.

நாங்கள் அரிதட்டு என்போம். சல்லடையும் விளங்கும், போடுங்கோ. மற்றது, ‘கூறு’ என்றால் எங்கட மாணவருக்குத் தெரியாது. மாதிரி என்று எழுதினால் இரு கரைக்கும் பொருந்தும்.
– ச.

சல்லடை ‘சலசல’ என்ற ஒலியிலிருந்து –
– மு.

மு. ஐயா, ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.

பதிப்பாசிரியர் இரண்டு முறை அழைத்துவிட்டார். பொதுச்சொல்லாக ‘வரக்கூடிய வாக்காளர்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே ‘வருவாக்காளர்’ என்று குறிக்கிறேன். பு. அம்மா கேட்ட பிரிவினை மிச்சிகன் பத்தியில் வரும். பிரைமரி, பிரைமரியாகவே போகிறது. மாதிரி, சல்லடை வினா, சரி. ச.வும் பு.வும் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள், ஆர்வத்தோடு என்று சொல்ல மாட்டேன்.
– இரா.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘வரக்கூடிய வாக்காளர்’ விளக்கம், கலைச்சொல் அன்று. தேர்வுத்தாளில் பத்து முறை எழுதிக் கை வலித்தால் பிள்ளைகள் தாமாக வருவாக்காளருக்கு வருவார்கள்.
– செ.